இரட்டை ஃபைல்

எனக்கு முப்பது வயதில் ஒரு தடவை புத்தி பிசகியது. மறுக்கவில்லை. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் லிஃப்ட், மாடிக்கு மாடி என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே ஏறியது. நானும் சும்மா இருக்காமல் அதற்குப் பதில் சொன்னேன். நாலு பேர் உள்ளே நிற்கும்போது சொன்னதுதான் வம்பாகிவிட்டது. இரண்டு மாதம் வார்டில் வைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், லிஃப்ட் வாயை மூடிக்கொண்டது. சரி, ஒரு பெரிய கண்டம் தாண்டிவிட்டோம் என்று நான் நினைத்தேன். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷமாக எனக்கு வேறு எந்த வியாதியும் வர அனுமதி கிடைக்கவில்லை.

சளி பிடித்தால் டென்ஷன். முதுகு வலித்தால் டென்ஷன். ஒரு தடவை தள்ளுவண்டி காலில் ஏறி, கட்டைவிரல் நகம் பெயர்ந்து தொங்கியது. கட்டுப் போட வந்த டாக்டர் என் ஃபைலைப் பார்த்துவிட்டு, "சமீபத்துல மனசுக்குக் கஷ்டமா ஏதாவது நடந்துச்சா?" என்று கனிவாகக் கேட்டார். நகம் போனதுதான் டாக்டர் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

இந்த ராஜ மரியாதைக்குக் காரணம் ஒரு பட்டை. எங்கள் ஆஸ்பத்திரியில் பிரிவுக்கு ஒரு நிறம். இதயத்துக்குச் சிவப்பு, எலும்புக்கு மஞ்சள், குழந்தைகளுக்குப் பச்சை, மனநலத்துக்கு ஊதா. ஃபைல் அட்டையின் முதுகில் விரல் அகலத்துக்கு ஒட்டியிருக்கும். ஒரு ஆளுக்கு மூன்று நிறம்கூட ஒட்டலாம், விதி இடம் கொடுக்கிறது. ஆனால் ஊதா ஏறிய அட்டையில் பக்கத்தில் இன்னொரு நிறம் ஏறுவதை நான் அத்தி பூத்த மாதிரிதான் பார்த்திருக்கிறேன். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பட்டை ஒட்டுகிறவனே நான்தான்.

இருபத்திரண்டு வருஷமாக ரெக்கார்டு ரூமில் இருக்கிறேன். கட்டடத்துக்கு அடியில், ஜன்னல் இல்லாத நீளமான அறை. இரும்பு அடுக்குகள், குழல் விளக்கு, ஒரு ஏணி, சக்கரம் கிறீச்சிடும் இரண்டு தள்ளுவண்டிகள், எனக்கு ஒரு உதவியாளர். அவருக்கு எப்போதும் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியிருக்காது, அதனால் பாதி நாள் நான் தனி ஆள். எங்களுக்கு இரண்டே விதி. ஒரு ஆளுக்கு ஒரே எண், ஒரே ஃபைல். எவராவது மறந்தோ மறைத்தோ புதிதாகப் பதிவு செய்துகொண்டால் அதற்கு இரட்டை ஃபைல் என்று பெயர். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. முந்நூறு இரட்டையாவது மோப்பம் பிடித்துச் சேர்த்திருப்பேன், அதற்காக ஒரு சுவர்க் கடிகாரம்கூடப் பரிசாகக் கொடுத்தார்கள். இரண்டாவது விதி, அட்டை நம்முடையது, உள்ளே இருப்பது டாக்டர்களுடையது. வார்டிலிருந்து வரும் தாள்களைப் படிக்கக் கூடாது. மேல் மூலையில் பக்க எண் போட்டு, அதைச் சுற்றி வட்டம் இட்டு, கயிற்றில் கோத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இந்த இரண்டு விதியையும் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காப்பாற்றி வந்தேன்.

இறந்துபோனவர்களின் ஃபைல்கள் பின்னறைக்குப் போகும். அட்டையிலேயே வயதும் காரணமும் எழுதியிருப்பதால் அவற்றைப் படிப்பது குற்றமில்லை. ஒரு மாதம் சாப்பாட்டு இடைவேளையில் எண்ணிப் பார்த்தேன். மற்ற நிறக்காரர்கள் எழுபது, எழுபத்தைந்து என்று ஆற அமர வந்து சேர்ந்திருந்தார்கள். ஊதாக்காரர்களுக்கு மட்டும் என்ன அவசரமோ, ஐம்பது, ஐம்பத்தைந்திலேயே வந்து இடம் பிடித்திருந்தார்கள். தாங்களாகவே முடித்துக்கொண்டிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படிப் போனவர்கள் கொஞ்சம் பேர். மீதிப் பேருக்கெல்லாம் இதயம், சர்க்கரை, நுரையீரல் என்று எல்லாருக்கும் வருகிற வியாதிதான் எழுதியிருந்தது. இருபது வருஷம் முன்னாலேயே வந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

அந்த வருஷம்தான் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வண்டி தள்ளினால் நாக்கு தள்ளியது. மாடிப்படி ஏறினால் நெஞ்சின் நடுவில் யாரோ முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்பது போல இருந்தது. இடது தோளிலிருந்து வலி கிளம்பி முழங்கை வரைக்கும் இறங்கும். நின்றால் போய்விடும். எங்கள் வீடு மூன்றாவது மாடி, ஐம்பத்துநாலு படி. லிஃப்ட் இல்லாத வீடாகத் தேடித் தேடிப் பிடித்தது என் அக்கா. காரணம் உங்களுக்கே தெரியும்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அத்தான் காலமான பிறகு என்னோடுதான் இருக்கிறாள். முன்னறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு ஓட்டல்களுக்கும் அலுவலகங்களுக்கும் திரைச்சீலை தைக்கிறாள். எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. வந்த ஒன்றிரண்டு இடத்திலும் அக்காவே முந்திக்கொண்டு, "ஒண்ணு சொல்லிடறேன்" என்று ஆரம்பித்துவிடுவாள். எதையும் மறைக்கக் கூடாது என்பது அவள் கட்சி. டாக்டர் அறைக்குள் நான் நாற்காலியை இழுப்பதற்குள், "டாக்டர், என் தம்பி மனநலப் பிரிவு பேஷண்ட்" என்று அறிமுகப்படலம் முடிந்திருக்கும். அதற்கப்புறம் நான் நெஞ்சைக் காட்டினால் என்ன, முட்டியைக் காட்டினால் என்ன. டாக்டர் அக்காவைப் பார்த்து, "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா?" என்பார். அக்கா என்னைப் பார்க்காமலேயே "கண் முன்னாடி முழுங்க வச்சுட்டுதான் விடுவேன்" என்பாள். அவர்கள் இரண்டு பேரும் பேசி முடித்ததும் நான் எழுந்து வந்துவிடுவேன்.

பொது மருத்துவர் என்னைப் பரிசோதித்த விதத்தைச் சொல்கிறேன். ஸ்டெதாஸ்கோப் அவர் கழுத்திலேயே இருந்தது. ஃபைலின் முதுகைப் பார்த்தார். "டென்ஷன்தான். உங்க பிரிவு டாக்டரையே பாருங்க" என்று ஒரே போடாகப் போட்டார். எங்கள் பிரிவு டாக்டர் நல்ல மனிதர். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிக்குள் எண்பது பேரைப் பார்க்க வேண்டியவர். நெஞ்சு அடைக்கிறது என்றேன். பதற்றம் என்று எழுதி மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார். மாத்திரை கூடியதும் பசி கூடியது, எடை கூடியது, மூச்சு இன்னும் வாங்கியது. போய்ச் சொன்னேன். பதற்றம் அதிகமாகியிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் கூட்டினார். மாத்திரை மேல் எனக்குக் கோள் சொல்ல ஆசையில்லை. லிஃப்டின் வாயை அடைத்த புண்ணியம் அதற்குத்தான். ஆனால் இரண்டு வருஷத்தில் நான் பதினாலு கிலோ ஏறியதை நாலு டாக்டரும் ஒரு அக்காவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"இருதய டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டலாமா?" என்று அக்காவைக் கேட்டேன்.

"எதுக்கு? அவரும் இதையேதான் சொல்லப்போறார். நீ எதையாவது மனசுல போட்டு உழப்பிக்காத. நல்லாத் தூங்கு, எல்லாம் சரியாயிடும்."

"படி ஏறும்போது மட்டும் எப்படிக்கா டென்ஷன் வரும்? இறங்கும்போது வர மாட்டேங்குதே."

"இப்படி ஒண்ண மாத்தி ஒண்ணு யோசிச்சுட்டே இருக்க பாரு, அதுதான்டா டென்ஷன்" என்றாள்.

போன மாதம் ஒரு நாள் பின்னறையில் ஒரு ஊதா ஃபைலை அடுக்கினேன். பத்தொன்பது வருஷம் முன்னால் வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர். ராத்திரி முழுக்கக் கணக்கு வாத்தியார் மாதிரி பெருக்கல் வாய்ப்பாடு சொல்வார், அதனால் அவருக்கு வாய்ப்பாடு என்றே பெயர். குணமாகி, வேலைக்குப் போய், எப்போதாவது வராந்தாவில் பார்த்தால் கை காட்டுவார். வயது ஐம்பது, இதயம் என்று அட்டையில் போட்டிருந்தது. எனக்கு நாற்பத்தொன்பது. அன்று வீட்டுக்குப் போகும்போது நாற்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். பயமாக இருந்தது. சாகப் பயம்தான். இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. டென்ஷன் என்று நீங்கள் சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு, அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, நான் இருபத்திரண்டு வருஷமாகக் காப்பாற்றிய விதியின் கழுத்தை நெரிக்கப் போனேன். வெளியே பதிவு கவுண்டரில் நின்றேன். புதிதாகச் சேர்ந்த பெண். பெயரைக் கேட்டாள், உண்மையைச் சொன்னேன். வயதைக் கேட்டாள், உண்மையைச் சொன்னேன். "முதல் தடவையா வர்றீங்களா?"

"ஆமாம்மா."

பொய் அந்த ஒன்றுதான். அட்டை அடித்து, முதுகில் சிவப்புப் பட்டை ஒட்டி, கையில் கொடுத்தாள். உள்ளே ஒரே ஒரு தாள். என்ன லேசாக இருந்தது தெரியுமா. நான் ஃபைலாகவே தூக்கித் திரிந்தவன், இவ்வளவு லேசான ஒன்றை எனக்கென்று தூக்கியதில்லை.

இதயப் பிரிவில் ஒரு இளம் பெண் டாக்டர். தாளைப் பார்த்தார். அதில் பார்க்க எதுவும் இல்லாததால் வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார். "சொல்லுங்க சார், என்ன பண்ணுது?" சார் என்றதும் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு சொன்னேன். படி, வண்டி, தோள், முழங்கை எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. தூக்கம் எப்படி என்று கேட்கவில்லை. பத்தாவது நிமிஷம் என் நெஞ்சில் ஒயர்கள் ஒட்டியிருந்தன. அரை மணியில், இதயத்தைத் திரையில் காட்டும் எக்கோ அறையில் படுத்திருந்தேன். இரண்டு வருஷம் மன்றாடியும் கிடைக்காதது, நான் யார் என்று சொல்லாமல் விட்டதும் முக்கால் மணி நேரத்தில் கிடைத்துவிட்டது.

எக்கோ திரையைப் பார்த்துக்கொண்டே டாக்டர் கேட்டார். "அட்டாக் எப்ப வந்துச்சு?"

"எனக்கா? வரலையே டாக்டர்."

"வந்திருக்கு சார். இதோ, இந்தப் பக்கம் சுவர் அசையவே இல்ல பாருங்க. இது பழைய தழும்பு. ஒரு வருஷம் இருக்கும். எந்த ஆஸ்பத்திரில காட்டுனீங்க?"

மாரடைப்பு வந்து போனது எனக்கே தெரியாமல் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அன்றே சேரச் சொன்னார். இன்னும் இரண்டு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு நிற்கிறதாம், நாளைக்குக் காலையில் திறந்து ஸ்டென்ட் என்கிற ஸ்பிரிங் வைக்க வேண்டுமாம். பச்சை அங்கியை மாட்டிவிட்டு, மணிக்கட்டில் சீட்டு கட்டி, கட்டிலில் படுக்க வைத்தார்கள். மத்தியானம் டாக்டர் ஒரு படிவத்தோடு வந்தார். "வேற ஏதாவது மாத்திரை ரெகுலரா சாப்பிடறீங்களா?"

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. என் மாத்திரை டப்பாவில் இருக்கும் காகிதத்தைப் பத்தொன்பது வருஷமாகப் படித்திருக்கிறேன். இதயத் துடிப்பைத் தடம் மாற்றக்கூடும், டாக்டரிடம் சொல்லுங்கள் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். சொல்லாமல் மேஜையில் படுத்தால் அங்கேயே கதை முடியலாம். சொன்னால் நான் யார் என்பது தெரிந்துவிடும். கீழே மனநலப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள், டென்ஷன் என்று ஒரு வரி எழுதி. அப்போதும் கதை முடியும், கொஞ்சம் மெதுவாக. எப்படிச் சாக விருப்பம் என்று இவ்வளவு மரியாதையாக ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

"இருக்கு டாக்டர்" என்று இரண்டு மாத்திரையின் பெயரையும் அளவையும் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்த பேனா இரண்டாவது பெயரில் நின்றது. நிமிர்ந்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். நாலு டாக்டரின் கழுத்துக்கு மேல் அதே முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

"இது... எத்தனை வருஷமா?"

"பத்தொம்பது. இதே ஆஸ்பத்திரிலதான். எனக்குப் பழைய ஃபைல் இருக்கு. காலைல பொய் சொல்லிட்டேன்."

"இத முதல்லயே சொல்லிருக்கணும் சார்."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க டாக்டர்?"

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பேனாவுக்கு மூடி போட்டார். மறுபடி கழற்றினார். சின்ன வயசு, முப்பதுகூட இருக்காது. "டென்ஷன்னு எழுதிக் கீழ அனுப்பியிருப்பேன்" என்றார்.

என் ஆயுளில் எந்த டாக்டரும் என்னிடம் இவ்வளவு நேர்மையாகப் பேசியதில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு மாத்திரையை இன்றைக்கு நிறுத்தி வைக்கலாமா என்று எங்கள் பிரிவு டாக்டருக்கு என் எதிரிலேயே போன் போட்டுக் கேட்டார். பிறகு என் பழைய ஃபைல் வேண்டும் என்று ரெக்கார்டு ரூமுக்குப் போன் போட்டார். ரொம்ப நேரம் காதில் வைத்துக்கொண்டே நின்றார்.

"ஃபைல் கிடைக்கலயாம். தேடிக் கொடுக்கறவர் இன்னைக்கு லீவாம்."

"மூணாவது வரிசை, ஆறாவது அடுக்கு, இடது கோடி" என்றேன் படுத்தபடியே. "ஏணி போட்டு ஏறச் சொல்லுங்க. ஏணிக்கு ஒரு கால் ஆடும்."

ஃபைலும், வார்டிலிருந்து போன் போட்டு வரவழைத்த அக்காவும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். ஃபைல் ஒரு செங்கல் கனம். அக்கா மாத்திரை டப்பா, துண்டு, பல் தேய்க்கும் பிரஷ் சகிதம் வந்திருந்தாள். பயத்தில் முகம் வெளுத்திருந்தது. அந்த நிலையிலும் தொழிலை விடவில்லை. "டாக்டர், ஒண்ணு சொல்லிடறேன், என் தம்பி..."

"தெரியும்மா. உட்காருங்க" என்றார் டாக்டர்.

டாக்டர் ஃபைலைப் பின்னாலிருந்து புரட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு தாளாக. தூக்கம் சரி, பசி சரி, பதற்றம், பதற்றம், மாத்திரை கூட்டப்பட்டது. இப்படியே போய்க்கொண்டிருந்தவர் ஒரு தாளில் நின்றார். அது தாள் இல்லை, நீளமான கட்டம் போட்ட ஈசிஜிச் சீட்டு. நாலாக மடித்திருந்தது. பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எனக்கும் காட்டினார். எனக்கு என்ன தெரியும், மலையும் பள்ளமுமாகக் கோடு.

"இது அட்டாக். நடந்துட்டிருக்கும்போதே எடுத்தது. படிக்கத் தெரிஞ்ச யாருக்கும் ஒரு நிமிஷத்துல தெரியும். கீழ யார் கையெழுத்தும் இல்ல. யாருமே பார்க்கல போலிருக்கு." தேதியைப் படித்தார். பதினாலு மாதத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை.

அந்த வியாழக்கிழமையை எனக்கு ஞாபகம் இருக்கிறது. பாதிதான் இருக்கிறது, மீதியைத் தூங்கிவிட்டேன். வேலை நேரத்தில் வண்டிப் பிடியைப் பிடித்தபடி கீழே சரிந்தேன். வேர்த்துக் கொட்டியது. அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு நர்ஸ் ஒயர்களை ஒட்டி மிஷினை ஓட விட்டாள். அதற்குள் என் ஃபைல் வந்துவிட்டது. அதன் முதுகைப் பார்த்த டியூட்டி டாக்டர் சீட்டைப் பார்க்கவில்லை, எங்கள் வார்டுக்கும் அக்காவுக்கும் சொல்லி அனுப்பினார். நெஞ்சு, நெஞ்சு என்று நான் கத்தினேன். கத்துகிறான் என்று தூக்க ஊசி கொண்டுவந்தார்கள். கையை உதறினேன். உதறுகிறான் என்று பிடித்துக்கொண்டார்கள். பதினெட்டு மணி நேரம் தூங்கினேன். ஆள் சாவதற்குள் மாரடைப்பே அலுத்துப்போய்க் கிளம்பிவிட்டது போலிருக்கிறது. எழுந்தபோது வலி இல்லை, களைப்புத்தான். "பார்த்தியா, தூங்கினதும் சரியாயிடுச்சு" என்றாள் அக்கா. நானும் சரி என்றேன். இதில் வெட்கம் என்னவென்றால், நான் நம்பினேன். நெஞ்சு என்னுடையது, வலி என்னுடையது, இருந்தும் அவர்கள் சொன்னதை நம்பினேன்.

"மூலையில பக்க எண் போட்டிருக்கு" என்றார் டாக்டர், சீட்டைத் திருப்பிப் பார்த்து. "இருநூத்திப் பன்னிரண்டு. அப்ப யாரோ கையில எடுத்திருக்காங்க. யார் கையெழுத்து இது?"

வட்டம் அழகாக இருந்தது. காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி. நான் போடும் வட்டம் எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

"என்னோடது" என்றேன். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியதும் வார்டுத் தாள்கள் வந்தன. உதவியாளர் லீவு. என் சொந்த ஃபைல் என்பதற்காகச் சலுகை எடுத்துக்கொள்ளவில்லை. படிக்காமல் எண் போட்டேன், வட்டம் இட்டேன், நாலாக மடித்துக் கோத்தேன். அன்றைக்கே அதை யாரிடமாவது நீட்டி இது என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்பது விதிக்கு விரோதம். என் மாரடைப்பை என் கையாலேயே ஒழுங்காக அடுக்கி, மூன்றாவது வரிசை ஆறாவது அடுக்கில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் காலை ஸ்பிரிங் வைத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்லபடியாக நடந்தது. அதற்கு அடுத்த நாள் டாக்டர் வந்து, காலில் வீக்கம் பார்த்து, மூச்சை இழுக்கச் சொல்லி, விடச் சொன்னார். உங்கள் பிரிவு மாத்திரையை நிறுத்த வேண்டாம், இதயத்துக்கு ஒத்துப்போகிற ஒன்றாக மாற்றச் சொல்லியிருக்கிறேன் என்றார். கிளம்பும்போது அக்கா கேட்டாள்.

"எத்தனை வருஷம் டாக்டர்?"

"அதெல்லாம் சொல்ல முடியாதும்மா. இதயத்துல மூணுல ஒரு பங்கு வேலை செய்யல. கவனமா இருந்தா பத்து வருஷம்கூட ஓட்டலாம். முன்னப் பின்ன ஆகலாம்."

"அந்த வியாழக்கிழமையே பார்த்திருந்தா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், சொல்லுங்கள் என்று. "எல்லாரையும் போல இருந்திருப்பார்" என்றார். அப்புறம் அக்காவின் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். துண்டின் ஓரத்தைப் பிரித்துப் பிரித்து மடித்தாள். திரைச்சீலை ஓரம் மடிக்கிற கை, சும்மா இருக்காது.

"அன்னைக்கு ஊசி போடறப்ப உன் கையப் பிடிச்சு அமுக்குனது நான்தான்டா" என்றாள். "நர்ஸால முடியல. நான்தான் முழங்காலப் போட்டு அமுக்கினேன். நீ என்னைப் பார்த்து அக்கா அக்கான்னு கத்துன. நான் விடல."

எனக்கு அது ஞாபகம் இல்லை. அவளுக்குப் பதினாலு மாதமாக இருந்திருக்கிறது. வழக்கம்போல ஏதாவது நையாண்டியாகச் சொல்லி அவளைச் சிரிக்க வைத்துவிடலாம் என்று பார்த்தேன். என் கையிருப்பே அதுதான். ஏன் அது மட்டும் என்றால், எங்கள் வீட்டில் கோபம் என்பது ஒரு அறிகுறி. பத்தொன்பது வருஷத்தில் நான் நாலு தடவை குரலை உயர்த்தியிருப்பேன். நாலு தடவையும் அக்கா பதறிப்போய் மாத்திரை டப்பாவைத் திறந்து இன்றைக்கு விழுங்கினானா என்று எண்ணிப் பார்த்தாள். இரண்டு தடவை டாக்டருக்குப் போன் போனது. அதனால் கோபத்தையெல்லாம் கிண்டலாக மாற்றிக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். கிண்டல் பண்ணுகிறவனுக்கு யாரும் ஊசி போடுவதில்லை. அன்று காலை எவ்வளவு துழாவியும் ஒரு கிண்டல்கூடக் கைக்குக் கிடைக்கவில்லை.

"எனக்குக் கோபமா இருக்குக்கா" என்றேன்.

அவள் கை, பக்கத்தில் அலமாரி மேல் இருந்த மாத்திரை டப்பா பக்கம் போனது. பாதியில் நின்றது. திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது.

"சொல்லு" என்றாள்.

சொன்னேன். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலேயே வைத்திருந்த டாக்டரைத் திட்டினேன். எங்கள் பிரிவு டாக்டரைத் திட்டினேன். முதுகை மட்டும் படித்த அந்த டியூட்டி டாக்டரைத் திட்டினேன். வட்டம் போட்ட என்னைத் திட்டினேன். அப்புறம் அக்காவைத் திட்ட ஆரம்பித்தேன். நான் பேசுவதற்குள் நீ ஏன் எனக்காகப் பேசினாய், பெண் வீட்டாரிடம் ஏன் பேசினாய், நான் வலிக்கிறது என்று சொன்னால் வலிக்கிறது என்று ஒரு தடவையாவது நம்பியிருக்கக் கூடாதா, எனக்குச் சாக விருப்பமே இல்லையே அக்கா, எழுபது வயதுக் கிழவனாகி உன்னைப் படுத்த வேண்டும் என்றுதானே இருந்தேன் என்று குரல் ஏற ஏறச் சொன்னேன். அவள் அழுதுகொண்டே கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரர் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டார்.

தலைமாட்டில் இருந்த மானிட்டர் கீச்சுக் கீச்சென்றது. நர்ஸ் வேகமாக வந்தாள். எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அக்காவிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள். "ரொம்ப டென்ஷன் ஆகறாரும்மா. தூங்கறதுக்கு ஒரு ஊசி போட்டுடட்டுமா?"

அக்கா என் கையை விடாமல் மற்ற கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா. அந்த எண்ணு அதிகமா இருந்தா டாக்டரக் கூப்பிடு, அவங்க வந்து பார்க்கட்டும். ஊசி வேண்டாம். என்னைத் திட்டிட்டிருக்கான், முடிக்கட்டும்" என்றாள்.

நர்ஸ் டாக்டரைக் கூப்பிடப் போனாள். நான் தண்ணீர் கேட்டேன். அக்கா கொடுத்தாள். குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.